லண்டனிலிருந்து பாரிஸுக்குக் குடும்பத்தோடு ரயிலில்: முதல்முறை போகிறவர்களுக்கு

லண்டனுக்குக் குடிவந்த முதல் வருடமே பாரிஸில் இருக்கும் பெரியப்பா போனில் ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, ரெண்டரை மணி நேரம்தானே, சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு வர்ற மாதிரி. குழந்தைகளைக் கூட்டிட்டு ஒரு சனிக்கிழமை கிளம்பி வாயேன்." பெரியப்பா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை அவருடைய அப்பா காலத்திலிருந்தே வீட்டில் இருக்கிறது. அவருக்கு அது பாண்டிச்சேரி பஸ்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் எங்களுக்கு அந்த ரெண்டரை மணி நேரத்துக்கான வேலை மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கியது.

ரயில் பயணம் உண்மையிலேயே சுலபம். சிரமமெல்லாம் ரயிலில் ஏறுவதற்கு முன்னால்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

முதலில் காகிதங்கள், அப்புறம்தான் டிக்கெட்

பிரிட்டனில் வேலை விசாவிலோ நிரந்தரக் குடியிருப்பு உரிமையிலோ இருந்தாலும், இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் என்றால் பிரான்சுக்குள் நுழைய, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். "நான் லண்டனில்தானே வசிக்கிறேன்" என்பது எல்லையில் செல்லாது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 வயது முதல் 11 வயது வரை 45 யூரோ (2024 ஜூனில் உயர்த்திய கட்டணம் இது), 6 வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கைக்குழந்தைக்கும் தனி விசா உண்டு, அதற்கும் நேரில் போக வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி 15 நாள் முன்பு என்று விதி சொன்னாலும், பள்ளி விடுமுறைக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் பலர் மறந்துவிடும் காகிதம் ஒன்று இருக்கிறது. ஹோட்டல் புக்கிங்குக்குப் பதிலாக, 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற வரவேற்புச் சான்றிதழை உறவினர் தன் ஊர் நகராட்சி அலுவலகத்தில் வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரை வரி. அசல் பிரதியே வேண்டும், தபாலில்தான் வரும். எங்கள் பெரியப்பா "கடிதம் எழுதிக் கொடுத்தால் போதாதா" என்று ஒரு வாரம் வாதாடிவிட்டுத்தான் நகராட்சிக்குப் போனார். அவருக்கு நாள் கிடைத்ததே மூன்று வாரம் தள்ளி. ஆகவே விசா வேலையின் முதல் படி உங்களுடையது அல்ல, உங்களை அழைத்தவருடையது.

மற்றவை வழக்கமானவைதான்: 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வேலைக் கடிதம். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது அது செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்துவிட்டவர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் இந்த 10 ஆண்டு, 3 மாதக் கணக்கு அவர்களுக்கும் உண்டு.

ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ லண்டனுக்கு வந்திருக்கும்போது அவர்களையும் அழைத்துப் போகலாம் என்று தோன்றும். லண்டனில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வழக்கமாக வசிக்கும் நாட்டில்தான் ஷெங்கனுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. என் மாமியார் சென்னையிலேயே இரண்டு விசாவையும் வாங்கிக்கொண்டு வந்தார், பிரச்சினை இல்லை. பிரிட்டன் விசா பல முறை நுழைய அனுமதிக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸிலிருந்து திரும்பி வரவேண்டும் அல்லவா?

திரும்பி வருவது என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய பிளாஸ்டிக் குடியிருப்பு அட்டைகள் 2024 டிசம்பர் 31 தேதியோடு போய், எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் இ-விசா ஆகிவிட்டது. உங்களுடைய அந்தக் கணக்கில் இருப்பது இப்போது கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் எண்தானா என்று பாருங்கள். இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு அந்தக் கணக்கில் மாற்ற மறந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். குழந்தைகளுக்குத் தனித்தனிக் கணக்கு. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போனால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையில் இருக்கட்டும். தமிழ்க் குடும்பங்களில் இது இன்னும் அவசியம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அம்மா பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பிள்ளைக்கு அப்பா பெயர் என்று இருப்பதைப் பார்த்து அதிகாரி புருவம் உயர்த்துவதில் ஆச்சரியமில்லை. பாரிஸ் பக்கத்திலிருந்து லண்டனுக்குப் பெற்றோர் இல்லாமல் அத்தை, மாமாவோடு வரும் பிள்ளைக்குப் பெற்றோர் கையொப்பமிட்ட வெளிநாட்டுப் பயண அனுமதிப் படிவம் பிரெஞ்சுச் சட்டப்படியே கட்டாயம்.

டிக்கெட்

இரண்டு நகரங்களுக்கும் நடுவே நேராக ஓடுவது யூரோஸ்டார் மட்டும்தான். விமானம் போல, விற்க விற்க விலை ஏறும். ஒரு வழி 39 பவுண்டு என்று விளம்பரத்தில் வருவது உண்மைதான். ஆனால் அது செவ்வாய், புதன் மத்தியானங்களில், பல வாரம் முன்பே வாங்கினால் கிடைக்கிற விலை. வெள்ளி மாலை போய் ஞாயிறு மாலை திரும்ப நினைத்தால் அதைப்போல நாலைந்து மடங்கு பார்க்கலாம். லண்டன் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். பிரான்சில் பள்ளி விடுமுறைகள் மூன்று மண்டலமாகப் பிரிந்தவை, பாரிஸ் சி மண்டலம். அதுவும் சேர்ந்து வரும் வாரத்தைத் தவிர்த்தாலே கொஞ்சம் மிச்சமாகும்.

4 வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், ஆனால் இருக்கையும் கிடையாது, மடியில்தான். 4 முதல் 11 வரை குழந்தைக் கட்டணம், 12 ஆனால் முழு டிக்கெட். மூன்றரை வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டரை மணி நேரம் உட்கார முடியுமா என்பதை உங்கள் பையனைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நாங்கள் போகும்போது மிச்சம் பிடித்தோம். திரும்பும்போது அவனுக்கும் ஓர் இருக்கை வாங்கினோம்.

மேசையைச் சுற்றி நான்கு பேர் எதிரும் புதிருமாக உட்காரும் இருக்கைகள் ஒரு பெட்டியில் சிலவே இருக்கும். குடும்பங்கள் எல்லாம் அதற்குத்தான் போட்டி போடும், அதனால் வாங்கும்போதே இருக்கைப் படத்தில் தேடிப் பிடித்துவிடுங்கள். ஸ்டாண்டர்டுக்கு மேலே இரண்டு வகுப்புகள் உள்ளன. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்தக் காசில் பாரிஸில் நல்ல சாப்பாடே சாப்பிடலாம் என்பது என் கணக்கு.

பெட்டி கட்டுவது

விமானப் பழக்கத்தை இங்கே பாதி மறந்துவிடலாம். எடை போடும் தராசு இல்லை. ஆளுக்கு 85 சென்டிமீட்டர் நீளத்துக்கு மிகாத இரண்டு பெட்டி, ஒரு கைப்பை. டிக்கெட் உள்ள குழந்தைக்கு ஒரு பெட்டி, ஒரு கைப்பை. மடக்கும் தள்ளுவண்டி இலவசம். தண்ணீர் பாட்டில், எண்ணெய் பாட்டில், ரசம் ஊற்றிய பிளாஸ்க் எதற்கும் 100 மில்லி கணக்கு கிடையாது. ஆனால் தூக்கி வைக்க ஆள் யாரும் வரமாட்டார்கள், உங்கள் பெட்டியை நீங்களேதான் ஏற்ற வேண்டும்.

கத்தி கூடாது. இதைச் சும்மா சொல்லவில்லை. என் மாமியார் பாரிஸில் போய்ச் சமைத்துப் போடுகிற ஆசையில், தனக்குப் பழகிய காய்கறிக் கத்தியைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரிந்தது. கூடவே பித்தளை முறுக்கு உரலும். உரலை வெளியே எடுத்துத் திருகித் திருகிப் பார்த்தார்கள். "முறுக்கு" என்று சொன்னால் யாருக்குப் புரியும்? போனில் ஒரு படம் காட்டியதும் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கத்தி போனது போனதுதான். தப்பு எங்களுடையது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் நுணுக்கமானது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, இங்கிருந்து பிரான்சுக்குள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுபோகக் கூடாது. தயிர்சாதமும் நெய் டப்பாவும் பால்கோவாவும் இதில் அடங்கும். பச்சைக் காய்கறி, கீரை, பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அதற்கு விலக்கு ஐந்தே ஐந்துக்குத்தான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன். அதாவது தாம்பூலத் தட்டில் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் ஆட்சேபம் இல்லை, வெற்றிலையும் மாம்பழமும்தான் சிக்கல். கவலைப்படாதீர்கள், வெற்றிலை பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், கீழே சொல்கிறேன். கைக்குழந்தைக்கான பால் பவுடர், பாக்கெட் உணவுக்கு, பிரிக்காமல் இருந்தால், ஆளுக்கு 2 கிலோ வரை அனுமதி உண்டு.

வழியில் சாப்பிட எலுமிச்சை சாதம், புளியோதரை, பொடி தடவிய இட்லி. இவற்றைவிட நல்ல ரயில் சாப்பாடு ஐரோப்பாவில் இல்லை என்று என் கணவர் சொல்வார். பொரியல் டப்பாவை மூடியபடியே விடுங்கள், பெட்டி முழுக்க மணக்கும்.

செயின்ட் பான்கிராஸில்

ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனிலும், ஹாரோ, வெம்பிளி பார்க் பக்கமிருந்து மெட்ரோபாலிட்டன் லைனிலும் யூரோஸ்டார் புறப்படும் நிலையமான கிங்ஸ் கிராஸ் செயின்ட் பான்கிராஸுக்கு நேராகப் போய் இறங்கலாம். டூட்டிங்கிலிருந்து நார்தர்ன் லைனில் வருகிறவர்கள் 'பேங்க்' வழியாகப் போகும் ரயிலா என்று பார்த்து ஏறுங்கள். சேரிங் கிராஸ் வழிப் பிரிவு கிங்ஸ் கிராஸைத் தொடாது.

ரயில் புறப்பட அரை மணி நேரம் முன்பு கேட்டை மூடிவிடுவார்கள். அதன் பிறகு டிக்கெட் கையில் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். குடும்பமாக, முதல்முறையாகப் போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். என்ன நடக்கும் என்றால்: முதலில் டிக்கெட்டைக் கேட்டில் ஸ்கேன் செய்ய வேண்டும். அடுத்து பாதுகாப்புச் சோதனை, பெட்டி எல்லாம் பெல்ட்டில் போகும். அதற்கடுத்து பிரெஞ்சு எல்லைக் காவல். ஆமாம், லண்டனின் நடுவில், ரயில் நிலையத்துக்குள்ளேயே பிரெஞ்சு போலீஸ் உட்கார்ந்திருக்கும். பிரான்சுக்குள் நுழைவதற்கான சோதனை இங்கேயே முடிந்துவிடுவதால், பாரிஸில் இறங்கியதும் குடியேற்ற வரிசை கிடையாது.

2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கணினியில் பதிவு செய்யும் முறையை ஐரோப்பா படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறது. விசா இல்லாமல் போகும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களிடம் முதல்முறை முகப்படமும் விரல்ரேகையும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழே படம் மட்டும். விசாவுக்காக ஏற்கனவே விரல்ரேகை கொடுத்தவர்களுக்குப் படம்தான் பதிவாகும், ஒப்பிட்டுப் பார்க்க விரலை வைக்கச் சொல்லலாம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. கட்டணம் கேட்கும் இணையதளம் ஏதாவது கண்ணில் பட்டால் அது ஏமாற்று. இங்கே வரிசையில் பாஸ்போர்ட் எல்லாம் ஒரே ஆள் கையில் இருக்கட்டும், தூங்கும் குழந்தையை எழுப்பி முகம் காட்ட வேண்டியிருக்கும்.

உள்ளே காத்திருப்பு அறையில் கூட்டம் அதிகம், இருக்கைகள் குறைவு. பாட்டிக்கு முதலில் இடம் பிடியுங்கள். புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போது பிளாட்பார எண்ணை அறிவிப்பார்கள், உடனே மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடும். பிளாட்பாரம் மேல் தளத்தில் இருக்கிறது. தள்ளுவண்டிக்கு லிஃப்ட் உண்டு. ரயில் 400 மீட்டர் நீளம் என்பதால் பெட்டி எண்ணைப் பார்த்து அதற்கான பக்கத்தில் மேலே ஏறுங்கள். மாறி ஏறிவிட்டால் சூட்கேஸோடு நடந்தே களைத்துவிடுவீர்கள்.

நேரம் மிச்சமிருந்தால் கேட்டுக்குள் போவதற்கு முன்பே நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். 1868-ல் திறந்த நிலையம் அது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாத இரும்பு வளைவு.

ரயிலில்

ஏறியதும் பெரிய பெட்டிகளைக் கதவுப் பக்க அலமாரியில் வையுங்கள், தாமதித்தால் அது நிறைந்துவிடும். புது ரயில்களில் பிரிட்டிஷ் பிளக், ஐரோப்பிய பிளக் இரண்டுமே செருகலாம்.

லண்டனை விட்டுப் போகும்போது முதல் சில நிமிடம் சுரங்கம்தான், "இதுதான் கடலா?" என்று குழந்தைகள் கேட்கும். இல்லை, அது கிழக்கு லண்டனுக்கு அடியில். கடல் சுரங்கம் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஃபோக்ஸ்டனுக்குப் பக்கத்தில். கண்ணாடிச் சுரங்கத்தில் மீன் பார்க்கிற மாதிரி கற்பனையில் என் மகள் இருந்தாள். முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஜன்னலில் தெரிவது இருட்டும் தன் முகமும்தான், சுமார் இருபது நிமிடம். சுரங்கம் 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அதில் 38 கிலோமீட்டர் கடலடியில். ரயில் போக ஒன்று, வர ஒன்று, நடுவில் பராமரிப்புக்கு ஒன்று என்று உண்மையில் அது மூன்று குழாய்கள். வெளியில் மணிக்கு 300 கிலோமீட்டரில் பறக்கும் ரயில் உள்ளே 160-ல்தான் போகும். 1994 மே 6 அன்று திறந்தார்கள் என்று எட்டு வயது மகளிடம் சொன்னேன். "அம்மா, அப்போ நீ பிறந்துட்டியா?" என்பதுதான் அவளுக்கு முக்கியமாகப் பட்டது.

பிரான்சுப் பக்கம் வெளியே வந்ததும் போனில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் குதிக்கும். காலை 10.30-க்குப் புறப்பட்டால் பாரிஸ் நேரப்படி மதியம் 2 மணிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்குவீர்கள். அழைக்க வருகிறவரிடம் பாரிஸ் நேரத்தைச் சொல்லுங்கள். போன் கம்பெனி ரோமிங்குக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை லண்டனிலேயே பார்த்துவிடுங்கள்.

இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். நிலையத்தில் காசு கொடுத்துத்தான் போக வேண்டும்.

கார் து நோரில் இறங்கியதும்

நேராக வெளியே வந்துவிடலாம். பாரிஸில் ரயில் வந்து நிற்கும் இந்த நிலையத்தில் பிக்பாக்கெட் அதிகம். தள்ளுவண்டியின் பின்னால் கைப்பையைத் தொங்கவிடாதீர்கள். அட்டையை நீட்டிக் கையெழுத்து கேட்கிறவர்கள், டிக்கெட் மெஷினில் "உதவி" செய்ய வருகிறவர்கள், "டாக்ஸி, டாக்ஸி" என்று பக்கத்தில் வந்து கூப்பிடுகிறவர்கள், மூவரையும் தாண்டிப் போய்க்கொண்டே இருங்கள். டாக்ஸி வேண்டுமென்றால் அதற்கான வரிசையில் நில்லுங்கள்.

பாரிஸில் பழைய பத்துச் சீட்டுக் கட்டை மறந்துவிடுங்கள். 2 யூரோ கொடுத்து நவிகோ ஈஸி அட்டை வாங்கி அதில் பயணங்களை ஏற்றிக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரி முதல் மெட்ரோ, ஆர்இஆர் எனும் புறநகர் ரயில் இரண்டுக்கும் தூரம் பாராமல் ஒரே கட்டணம். அந்த ஆண்டு அது 2.50 யூரோ. விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட். 4 முதல் 9 வயது வரை பாதிக் கட்டணம், 4-க்குக் கீழே இலவசம். லண்டனில் பிள்ளைகள் பெரியவரோடு சும்மா ஏறிப் பழகியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை இரண்டு பேர் தேய்க்கக் கூடாது. பரிசோதகர் பிடித்தால் அபராதம் கட்ட வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் வசிக்கும் லா கூர்னவ் பக்கம் போக ஆர்இஆர் பி, சார்செல் போக ஆர்இஆர் டி. இரண்டும் இதே நிலையத்தின் கீழ்த்தளத்திலிருந்து போகும்.

அவசரம் இல்லையென்றால் அதற்கு முன் வெளியே வந்து ஃபோபூர் சேன் தெனி தெருவில் வடக்கே நடந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் லா ஷாப்பெல். ஈழத் தமிழர்கள் வாயில் 'லாச்சப்பல்'. 1980-களிலிருந்து அவர்கள் கட்டியெழுப்பிய கடைத்தெரு. கறிவேப்பிலை, முருங்கைக்காய், மல்லிகைப்பூ, நகைக்கடை, கொத்துரொட்டி எல்லாம் கிடைக்கும். மேலே சொன்ன வெற்றிலையும் இங்கேதான். கொஞ்சம் தள்ளி, 18-ஆவது வட்டாரத்தில் பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. விநாயகர் சதுர்த்தியை ஒட்டி நடக்கும் தேர் அன்று இந்தத் தெருக்களில் தேங்காய் உடைபடும் சத்தம்தான். அந்த ஞாயிறு கூட்டத்தில் சூட்கேஸோடு மாட்டிக்கொள்ளாதீர்கள், வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

திரும்பும்போது

லண்டன் ரயிலுக்குப் போகும் வழி கார் து நோரின் மேல்தளத்தில் இருக்கிறது. இங்கே எல்லைச் சோதனை இரண்டு. முதலில் பிரெஞ்சுக்காரர்கள் வெளியே போவதைப் பதிவு செய்வார்கள், பத்தடி தள்ளி பிரிட்டிஷ் அதிகாரி உள்ளே வருவதைப் பார்ப்பார். இ-விசா பாஸ்போர்ட்டோடு சரியாக இணைந்திருந்தால் ஒரு நிமிட வேலை. லண்டனுக்கு உங்களைப் பார்க்க வரும் பிரெஞ்சு உறவினர்களுக்கு ஒரு தகவல்: 2021 அக்டோபரிலிருந்து அடையாள அட்டை மட்டும் போதாது, பாஸ்போர்ட் வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து இடிஏ என்ற மின்னணு அனுமதியும் வேண்டும். பிரெஞ்சுக் குடியிருப்பு அட்டை மட்டும் வைத்திருக்கும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு இடிஏ கிடையாது, விசாதான்.

ரயில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் டிக்கெட் பணத்தில் கால் பங்கு, இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பாதி வரை திரும்பக் கேட்கலாம். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் பிரிட்டனுக்குள் கொண்டுவரத் தடை வந்தது. ஆடுமாடுகளுக்கு வரும் கோமாரி நோய் பரவாமல் இருக்க. ரொட்டி, பிஸ்கட், சாக்லேட்டுக்குத் தடையில்லை. பெரியம்மா எங்களுக்காக வாங்கி வைத்திருந்த இரண்டு வட்டச் சீஸையும் விஷயத்தைச் சொல்லிக் குளிர்சாதனப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலை பெரியப்பா தோசைக்குள் அதை வைத்துச் சாப்பிடும் படம் போனுக்கு வந்து சேர்ந்தது.